ஸ்திரீபார்ட்

பாதி வடமொழி, பாதி ஆங்கிலம். ஒட்டுப்போட்ட சொல்தான்; ஆனால் தமிழ் மேடையில் இதற்கு இருந்த மவுசு தனி. கம்பெனி நாடகக் காலத்தில் பாத்திரத்தைப் 'பார்ட்' என்றார்கள். ராஜபார்ட், கள்ளபார்ட் என்று ஒரு குடும்பமே இருந்தது. கூத்தில் கட்டும் வேஷம் விடிந்தால் கலைந்துவிடும். பார்ட்டோ ஆளோடு ஒட்டிக்கொள்ளும். கள்ளபார்ட் நடராஜனை அது சினிமாவிலும் விடவில்லை.

பம்மல் என்ற ஊருக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. அந்த ஊரைப் பெயரில் சுமந்த பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் படித்த உத்தியோகஸ்தர்களே நடித்தார்கள். சேலை கட்டியதும் அவர்களே. பல ஆண்டுகள் அவருக்கு ஜோடியாக நாயகி வேடம் பூண்டவர் ரங்கவடிவேலு. சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' நூலில் ரங்கவடிவேலுவைப் பற்றிய பக்கங்களில் பொங்கும் பாசம், சக நடிகரைப் பற்றி எழுதும் வழக்கமான தொனியில் இல்லை. அதற்கு இன்றைய பெயர் ஒன்றைச் சூட்ட எனக்கு விருப்பமில்லை, ஆதாரமும் இல்லை. ஆனால் நாயகனும் நாயகியுமாக இரண்டு ஆண்கள் காதல் பேச, கண்ணியமான சபை கைதட்டிப் பார்த்தது என்பது வரலாறு.

பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள்தான் ஸ்திரீபார்ட். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பார்ட் போச்சு. சிவாஜி கணேசனின் முதல் வேடமே சீதை. டி.கே. சண்முகமோ வளர்ந்த பிறகு ஔவையாராக வந்து 'அவ்வை சண்முகம்' ஆனார். 1996இல் கமல் அந்தப் பெயரையே பெண்பாலாக்கிப் படத்துக்கு வைத்தார். எதிர்த்திசையிலும் வண்டி ஓடியது: மேடையில் ராஜபார்ட் கட்டிய கே.பி. சுந்தராம்பாள், 1935இல் திரையில் நந்தனாரானார்.

இதற்கெல்லாம் முன்னால் இருந்த சொல் பேடி. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலில் காமனின் பேடிக்கூத்தும் ஒன்று. மணிமேகலையில் புகார் நகரத்துக் கூட்டம் தெருவில் பேடிக்கூத்தையும் சுவரோவியங்களையும் அடுத்தடுத்து நின்று வேடிக்கை பார்க்கிறது. பிறகு அந்தச் சொல்லைக் கோழைக்கான வசவாக்கிவிட்டோம். ஆளின் உடம்பைச் சுட்டும் சொல் என்பதால் வசவாவதும் எளிதாயிற்று. ஸ்திரீபார்ட் உடம்பைப் பற்றி வாயே திறக்காது. கட்டியவர் ஆணா பெண்ணா என்று கேட்காது. அந்த மௌனம் நடிகருக்கு ஒரு திரையாக இருந்தது என்று நினைக்கிறேன். மேடையில் ரசித்த நடையையே தெருவில் கண்டால் கேலி செய்த ஊர்தானே இது!

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி பாலினச் சிறுபான்மையினரைக் கண்ணியமாகக் குறிக்க 2022இல் அரசு வெளியிட்ட சொற்பட்டியலில் 'பால்புதுமையர்' இடம்பெற்றது. அது மனிதர்களுக்கான பெயர், வேறு வேலை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் ஸ்திரீபார்ட் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இன்று அதைக் கட்டுகிறவர்கள் பெண்கள். அவர்களையும் ஸ்திரீபார்ட் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.