தாத்தாவின் அல்சர் ஆபரேஷனும் என்னுடைய பைபாஸும்

பந்தியில் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டதும் இலையை மூடுவது எங்கள் திண்டுக்கல் பக்கம் லேசான விஷயம் இல்லை. போன வைகாசியில் வேடசந்தூர் அருகே ஒரு கல்யாணம். பரிமாறிக்கொண்டு வந்த பெரியவர் என் இலையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"என்னப்பா, சாப்பாட்டுல ஏதும் குறையா?"

"அதெல்லாம் இல்லைங்கய்யா. வயித்துல ஆபரேஷன் பண்ணிருக்கு."

"அல்சரா?"

அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அந்தத் தலைமுறைக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றால் அல்சர்தான். எனக்கு நடந்தது எடை குறைப்பதற்கான பைபாஸ். "இல்லை" என்று சொல்ல வாயெடுத்தவன், "ஆமாங்கய்யா" என்று சொல்லிவிட்டேன். பந்தியில் நின்று விளக்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, வரலாற்றுப்படி பார்த்தால் அவர் கேட்டது முக்கால்வாசி சரி. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன் என் எடை 121 கிலோ. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். இரண்டு வேளை இன்சுலின். நடைப்பயிற்சி, பேலியோ, கொள்ளுக் கஞ்சி என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் பத்துக் கிலோ குறையும், பன்னிரண்டு கிலோ திரும்பி வரும். கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவமனையில் பைபாஸ் செய்துகொண்டேன். அம்மாவுக்குச் சம்மதமே இல்லை. "நல்லா இருக்குற வயித்த எதுக்குடா அறுக்கணும்? உங்க தாத்தா பட்டது போதாதா?" என்று அழுதாள். அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு அப்போது புரியவில்லை.

தாத்தா புகையிலை கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதியவர். 1960-களில் அவருக்கு அல்சருக்காக வயிற்றில் பாதியை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் உடம்பு தேறவே இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அவர் ஒல்லிதான். அப்பத்தா ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு நாளைக்கு ஆறு தடவை சாப்பாடு கொடுப்பார். விசேஷ நாளில் பாயசம் குடித்தால் கொஞ்ச நேரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், திண்ணையில் படுத்துவிடுவார். "தாத்தாவுக்கு இனிப்பு சேராது" என்பதோடு விளக்கம் முடிந்தது. சொந்தக்காரர்கள் வேறு மாதிரிப் பேசுவார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் கை நனைக்காத மனுஷன், கவுரவம் பிடித்தவர் என்று.

ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் டயட்டீஷியன் எனக்கு ஒரு தாளைக் கொடுத்துப் பத்து நிமிடம் பேசினார். சின்னக் கிண்ணம், ஆறு வேளை, இனிப்பு கூடாது, மீறினால் வேர்க்கும், படபடக்கும். கேட்டுக்கொண்டிருந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் தாத்தாவைத்தான் நினைத்துக்கொண்டோம். அன்றைக்குத்தான் நான் இதன் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன்.

வயிற்று அறுவை சிகிச்சையின் கதை 1881-ல் வியன்னாவில் தொடங்குகிறது. அந்த ஜனவரியில் தியோடர் பில்ரோத், புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தார். அவர் சுமார் நான்கு மாதம் உயிரோடு இருந்தார். இரைப்பையை வெட்டி எடுத்தாலும் மனிதர் பிழைத்துச் சாப்பிட முடியும் என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. அதே வருடம் பில்ரோத்தின் உதவியாளர் ஆன்டன் வோல்ஃப்லர், எதையும் வெட்டி எடுக்காமல், இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்துக் காட்டினார். வெட்டுவது, இணைப்பது என்ற இந்த இரண்டு வேலைகள்தான் அடுத்த நூறு வருட அல்சர் சிகிச்சை.

இந்தத் தையல் நம் பக்கம் பெரிய அளவில் நடந்த இடங்களில் ஒன்று நெய்யூர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், அன்று திருவிதாங்கூர். அங்கே 1838-ல் தொடங்கிய லண்டன் மிஷன் ஆஸ்பத்திரிக்கு 1920-களில் வந்து சேர்ந்தவர் ஹோவர்ட் சாமர்வெல். ஆள் சாதாரண ஆள் இல்லை. 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஏறியவர். பனிச்சரிவில் ஏழு சுமைக்காரர்கள் இறந்துபோன பயணம் அது. அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, நெய்யூரில் நோயாளிகள் காத்துக் கிடப்பதைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். 1924-ல் இன்னொரு முறை எவரெஸ்ட் போய், சிகரத்துக்குச் சில நூறு மீட்டர் கீழே தொண்டை அடைத்து மூச்சு முட்டித் திரும்பினார். மறுபடி நெய்யூர்.

தென்னிந்தியாவில் அப்போது முன்சிறுகுடல் புண் ஏராளம். வடக்கே பஞ்சாப் பக்கம் குறைவு. அரிசியா, மிளகாயா, மரவள்ளியா, வெற்றிலை புகையிலையா என்று பல பேர் பல காரணம் சொன்னார்கள். சாமர்வெல் இந்தப் புண்ணுக்குப் பெரும் எண்ணிக்கையில் அறுவை சிகிச்சை செய்தார். 1936-ல் சக மருத்துவர் இயன் ஆருடன் சேர்ந்து பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். 1948-ல் இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை பற்றிப் புத்தகமே போட்டார். பிறகு வேலூர் சி.எம்.சி.யில் கற்பித்தார். உலகம் அவரை மலையேறியவராக மட்டும் நினைவு வைத்திருப்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம். எங்கள் தாத்தாக்களின் வயிற்றைப் பற்றி அவர் எழுதியதை யார் படிக்கிறார்கள்?

ஆபரேஷன் ஆனவர்களுக்கு வந்த அந்த வேர்வைக்கும் படபடப்புக்கும் மேற்கே ஏற்கனவே பெயர் வைத்துவிட்டார்கள். 1913-ல் லண்டனில் ஆர்தர் ஹெர்ட்ஸ் அதை விவரித்தார். 1922-ல் அமெரிக்காவில் மிக்ஸ் என்பவர் 'டம்பிங்' என்றார். டிப்பர் லாரி ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி, சர்க்கரை இரைப்பையில் தங்காமல் நேராகச் சிறுகுடலில் போய்க் கொட்டுகிறது. குடல் ரத்தத்திலிருந்து தண்ணீரை இழுக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. தாத்தா திண்ணையில் படுப்பதற்கு நாற்பது வருடம் முன்பே இதற்குப் பெயர் இருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இனி அமெரிக்காவின் அயோவா. எட்வர்ட் மேசன் அங்கே பல்கலைக்கழக சர்ஜன். அல்சருக்காக இரைப்பையை எடுத்த பெண்கள் எவ்வளவு முயன்றும் எடை கூடுவதில்லை என்று கவனித்தார். மற்ற சர்ஜன்கள் அதைப் பக்கவிளைவு என்று எழுதி வைத்தார்கள். மேசன், அளவுக்கு மீறிக் குண்டாக இருப்பவர்களுக்கு இதே பக்கவிளைவை வேண்டுமென்றே உண்டாக்கினால் என்ன என்று யோசித்தார். 1966-ல், சிக்காஷி இட்டோவுடன் சேர்ந்து, முதல் கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தார். இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து, வோல்ஃப்லர் போட்ட அதே மாதிரி இணைப்பைக் குடலோடு போட்டார். தாத்தாவுக்கு ஆபரேஷன் நடந்ததும் ஏறக்குறைய அதே வருடங்களில்தான்.

இதற்கு முன்பும் எடை குறைக்க அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. 1954-ல் மினசோட்டாவில் குடலின் பெரும்பகுதியைத் தாண்டிப் போகும் முறை ஒன்று வந்தது. எடை குறைந்தது, கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்து கெட்டன. கைவிட்டுவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1976-க்குப் பிறகு அமிலம் குறைக்கும் மாத்திரைகள் வந்தன. 1980-களில் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும், அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி என்று காட்டினார்கள். மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். 2005-ல் இருவருக்கும் நோபல். இரண்டு வார மாத்திரையில் தீருகிற நோய்க்கு யார் வயிற்றைத் திறப்பார்கள்? அல்சர் ஆபரேஷன் அரிதாகிவிட்டது. அதன் பேரன் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தான். 1994-ல் அதை லேப்ராஸ்கோப் வழியாகச் செய்த முறை வெளியானது. 1995-ல் வால்டர் போரிஸ் குழு, பைபாஸ் செய்தவர்களில் பலருக்கு எடை குறைவதற்கு முன்பே சர்க்கரை நோய் அடங்கிவிடுகிறது என்று வியப்போடு எழுதியது. குடல் சுரக்கும் ஹார்மோன்கள் மாறுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எனக்கும் அப்படித்தான். வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரத்தில் இன்சுலினை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

அதனால் எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் மோரும் பருப்புத் தண்ணியும். நாலாவது மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பிறகு வளர்ந்தது. வயிற்றுத் தோல் தொங்குகிறது, அது சட்டைக்குள் இருக்கட்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். தொட்டதற்கெல்லாம் பிரியாணி என்கிற ஊரில் இருந்துகொண்டு, நாலு துண்டு கறியைக் கூழாகும்வரை மென்று, ரெண்டு கரண்டி சீரகச் சம்பாவோடு எழுந்துவிடுகிறேன். முதல் தீபாவளிக்கு ஆசைப்பட்டு ஒரு முழு ஜாங்கிரி தின்றேன். இருபது நிமிடத்தில் தாத்தா படுத்த அதே திண்ணையில் நானும் படுத்துக் கிடந்தேன்.

தெருவில் பார்க்கிறவர்கள் கேட்பது இன்னொரு தொல்லை. "என்னப்பா இப்புடி எளச்சுட்ட, சுகரா?" சிலர் குரலைத் தாழ்த்தி அதைவிடப் பெரிய நோயின் பெயரைச் சொல்வார்கள். குண்டாக இருந்தபோது சிரித்தவர்கள்தான்.

ஒரு விஷயம் மட்டும் மனதை அறுக்கிறது. வைட்டமின் பி12 உடம்பில் சேர, இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். இரைப்பையை எடுத்தாலோ ஒதுக்கினாலோ, சில வருடங்களில் பி12 வற்றிவிடலாம். நாக்கு எரியும், பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும். தாத்தா கடைசிக் காலத்தில் செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பார். காரம் நாக்கில் பட்டால் துடிப்பார். வயசாகிவிட்டது என்றோம். அதுதான் காரணம் என்று இப்போது உறுதியாகச் சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள்கூட இல்லை. எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போடுகிறார்கள். விலை அதிகம் இல்லை.

2025 மார்ச்சில் மவுஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்துவிட்டது. குடல் ஹார்மோன்களின் வேலையை அது வெளியிலிருந்து செய்கிறது. அல்சர் ஆபரேஷனை மாத்திரை ஓரங்கட்டிய மாதிரி, பைபாஸை இந்த ஊசி ஓரங்கட்டுமா என்று என் சர்ஜனிடமே கேட்டேன். "கொஞ்சம் பொறுங்க, முதல்ல உங்க பி12 ரிப்போர்ட்டக் காட்டுங்க" என்றார்.

இப்போது எடை 84. போன வருடம் 81 இருந்தது. கிண்ணம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று அம்மா சொல்கிறாள். பரணில் தாத்தாவின் பழைய கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.