மோட்டார் வண்டியும் மனித உயிரும்

1869ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 31ஆந் திகதி, அயர்லாந்தின் பார்சன்ஸ்ரவுன் என்னும் ஊரின் வீதியிலே நீராவி வண்டியொன்று சென்றுகொண்டிருந்தது. அவ்வூர்ப் பிரபுவின் குடும்பத்தார் அமைத்த வண்டி அது. பிற்காலத்தில் நீராவிச் சுழலியை ஆக்கிப் பெரும் புகழ் பெற்ற சார்ள்ஸ் பார்சன்ஸ், அன்று பதினைந்து வயதுச் சிறுவனாய் அதில் அமர்ந்திருந்தார். அவருடைய உறவினரும், நுணுக்குக்காட்டி பற்றி நூலெழுதியவருமான மேரி வார்ட் அம்மையாரும் உடன் சென்றார். வீதி வளைந்த ஓரிடத்தில் வண்டி குலுங்கியது. அம்மையார் தூக்கி எறியப்பட்டார். வண்டியின் கனத்த சில்லு அவர்மேல் ஏறியது. நாற்பத்திரண்டு வயதில் அவர் உயிர் பிரிந்தது. மோட்டார் வண்டி விபத்துக்களின் வரலாற்றை எழுதுவோர் பலரும் இச்சம்பவத்தையே அதன் முதல் ஏடாகக் கொள்வர்.

வண்டி வேகமாகச் சென்றமையால் அவர் இறந்தார் என்று சொல்லுதல் அரிது. ஏறியவரைப் பற்றிப் பிடித்து வைப்பதற்கு அவ்வண்டியில் யாதொன்றும் இருக்கவில்லை. அதுவே அவர் இறப்புக்குக் காரணமாயிற்று. ஆயின் இந்த எளிய உண்மையை உலகம் ஏற்றுக்கொள்ளுதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் சென்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வீதி மரணம் என்பது மனிதரின் குற்றமென்றே கருதப்பட்டது. சாரதி கவனமற்றவன், நடந்து செல்பவன் அறியாதவன், ஆகவே இருவரையுந் திருத்தினால் போதும் என்பதே அந்நாளைய கொள்கை. 1924ஆம் ஆண்டு, அப்பொழுது ஐக்கிய அமெரிக்காவின் வர்த்தகச் செயலாளராயிருந்த ஹேர்பேட் ஹூவர், வீதிப் பாதுகாப்புப் பற்றித் தேசிய மகாநாடு ஒன்றைக் கூட்டினார். நல்ல வீதி, நல்ல சட்டம், நல்ல போதனை ஆகிய மூன்றும் அக்காலத்தில் வலியுறுத்தப்பட்டன. வண்டியின் உட்புறம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்ற வினா பெரிதாக எழவில்லை. சாரதியின் மார்புக்கு நேரே ஈட்டிபோல் நிற்கும் சுக்கான் தண்டும், மோதலிலே திறந்துகொள்ளும் கதவும், கூரிய உலோகப் பிடிகளும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவில்லை.

அவ்வினாவை எழுப்பியவருள் முன்னின்றவர் ஹியூ டி ஹேவன் என்பவர். முதலாம் உலகப் போரின்போது, 1917இல், விமானப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இவருடைய விமானம் வானிலே வேறொரு விமானத்துடன் மோதி வீழ்ந்தது. இவர் பிழைத்தார். தாம் பிழைத்ததை அதிட்டம் என்று கூறி அமையாது, காரணத்தை ஆராயத் தலைப்பட்டார். ஐம்பது முதல் நூற்றைம்பது அடி வரையான உயரங்களிலிருந்து வீழ்ந்தும் உயிர் தப்பியவர்களின் வரலாறுகளைத் தேடித் தொகுத்து, 1942இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வீழ்ந்த இடம் சிறிது நெகிழ்ந்து கொடுத்ததாலும், தாக்கம் உடலெங்கும் பரவியதாலும் அவர்கள் பிழைத்தனர் என்று அவர் காட்டினார். மட்பாண்டம் விற்பவன் பானைகளை வைக்கோலிட்டுக் கட்டுகிறான். மனிதனை ஏற்றிச் செல்லும் வண்டியிலோ அந்த அளவு கவனமும் இருக்கவில்லை. டி ஹேவன் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆராய்ச்சிகள், வண்டியின் அமைப்பே உயிரைக் காக்கவும் போக்கவும் வல்லது என்பதைப் புலப்படுத்தின.

ஐரோப்பாவிலும் இதே எண்ணம் முளைகொண்டது. ஜேர்மனியில் மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பெலா பரேனி என்னும் பொறியியலாளர், வண்டி முழுவதும் கடினமாயிருத்தலே பாதுகாப்பு என்ற பழைய நம்பிக்கையை மறுத்தார். முன்பகுதியும் பின்பகுதியும் மோதலில் மடிந்து நசுங்க வேண்டும். நடுவில் மக்கள் இருக்கும் அறை மட்டும் உறுதியாய் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நசுங்கும் இரும்பு மோதலின் ஆற்றலைத் தானே உண்டு, உள்ளிருப்போர் நிற்பதற்குச் சிறிது தூரமும் காலமும் தருகிறது. 1951இல் அவர் இதற்கு உரிமைப் பதிவு கோரினார். 1959இல் இவ்வமைப்புடன் கூடிய வண்டிகள் விற்பனைக்கு வந்தன. அதே 1959இல், சுவீடனில் வொல்வோ நிறுவனத்துப் பொறியியலாளர் நில்ஸ் போலின் ஆக்கிய மூன்று முனை ஆசனப் பட்டியும் வண்டிகளிற் பொருத்தப்பட்டது. அவர் அதற்கு முன்னர் போர் விமானங்களின் ஆசனங்களை அமைத்தவர். தோளையும் இடுப்பையும் ஒருசேரப் பிணைக்கும் அப்பட்டியின் உரிமையை அந்நிறுவனம் பிறரும் பயன்படுத்துமாறு திறந்துவிட்டது.

இவ்வளவும் கண்டறியப்பட்ட பின்னரும் அமெரிக்க வண்டிகள் பெரிதும் மாறவில்லை. பாதுகாப்பை விலைகொடுத்து வாங்குவார் இல்லை என்பது வணிகர்களின் எண்ணம். இந்நிலையில் 1965ஆம் ஆண்டு றால்ப் நேடர் என்னும் இளம் வழக்கறிஞர் ஒரு நூலை வெளியிட்டார். அதன் முதல் அத்தியாயம் செவ்ரலே கோர்வெயர் என்னும் சிறிய வண்டியைப் பற்றியது. யந்திரம் பின்புறத்தில் அமைந்த அவ்வண்டி, கடிய திருப்பங்களிலே பின்சில்லுகள் உட்புறமாய் மடிந்து நிலைகுலையும் என அவர் குற்றஞ்சாட்டினார். அதனினும் முக்கியமானது அவர் விளக்கிய இரண்டாவது மோதல். வண்டி எதன்மேலோ மோதுவது முதல் மோதல்; உள்ளிருப்பவர் வண்டியின் உட்பாகத்தில் மோதுவது இரண்டாவது. முதலாவதற்குச் சாரதியைக் குறைகூறலாம்; இரண்டாவதற்கு வண்டியை ஆக்கியவரே பொறுப்பாளி.

கோர்வெயரை ஆக்கிய ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் நேடரின் அந்தரங்க வாழ்க்கையைத் துப்பறிய ஆட்களை ஏவியமை வெளியாயிற்று. 1966 மார்ச்சில் அதன் தலைவர் அமெரிக்க மூதவையின் குழுவொன்றின் முன் தோன்றி மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டு செப்ரெம்பர் 9ஆந் திகதி ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டத்திற் கையொப்பமிட்டார். கோர்வெயர் அக்காலத்து ஏனைய வண்டிகளிலும் மோசமானதன்று என 1972இல் அரசாங்க ஆய்வொன்று கூறியது. எனினும் நேடர் எழுப்பிய பெரிய வினா நிலைபெற்றுவிட்டது. 1966இல் அமெரிக்காவிலே பத்துக் கோடி மைல் ஓட்டத்திற்கு ஐந்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2019இல் அந்த வீதம் ஒன்றுக்குச் சற்றே மேற்பட்டதாய்க் குறைந்திருந்தது. வீதியும் வைத்தியமும் திருந்தியமை இதற்கு உதவிற்று எனினும், வண்டி திருந்தியமையின் பங்கு பெரிது.

இனி, எடை பற்றிய கதையைக் காண்போம். ஒரு தொன் எடையுள்ள வண்டியும் இரண்டு தொன் எடையுள்ள வண்டியும் மணிக்கு 30 மைல் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதாகக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து கனத்த வண்டி சென்ற திசையிலே 10 மைல் வேகத்தில் நகரும். கனத்த வண்டி இழப்பது 20 மைல் வேகம். சிறிய வண்டியோ தன் 30 மைலையும் இழந்து, மேலும் 10 மைல் வேகத்தில் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அதிலுள்ளோர் கணப்பொழுதிலே 40 மைல் மாற்றத்தைத் தாங்க வேண்டும். விபத்துப் பதிவுகளை ஆராய்ந்த லெனாட் எவன்ஸ் என்னும் அறிஞர், இரு மடங்கு எடையுள்ள காருடன் மோதும் காரின் சாரதி இறக்கும் வாய்ப்பு, மற்றைய சாரதியினதைவிட ஏறத்தாழப் பன்னிரு மடங்கு என்று 1990களிற் கணித்தார்.

இதனால் எல்லோரும் பெரிய வண்டியையே நாடினால் என்ன ஆகும்? 1990களில் அமெரிக்க மக்கள் உயரமான ஜீப் இன வண்டிகளைப் பெருவாரியாக வாங்கினர். அவற்றின் எடை காத்தது, உயரமோ கவிழ்த்தது. 2000ஆம் ஆண்டு ஓகஸ்டிலே பயர்ஸ்ரோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவ்வகை டயர்கள் பிரிந்து, பெரும்பாலும் போட் எக்ஸ்புளோரர் வண்டிகள் கவிழ்ந்த விபத்துக்களில் 270 பேருக்கு மேல் இறந்ததாக அரசாங்கம் கணக்கிட்டது. அதற்கு முன்னரே, 1997இல், சுவீடனிலே திடீரென விலகி ஓட்டும் சோதனையில் மேர்சிடிஸின் புதிய சிறிய கார் கவிழ்ந்தது. அதன்பின் அந்நிறுவனம், ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே தடுத்து வண்டியை நிலைநிறுத்தும் மின்னியற் கருவியை அவ்வினக் கார் அனைத்திலும் பொருத்தியது. 2012ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்படும் இலகு வண்டிகள் அனைத்திலும் அக்கருவி கட்டாயமாயிற்று. உயர்ந்த வண்டிகள் கவிழ்தல் பெரிதும் குறைந்தது.

அளவும் எடையும் மட்டும் போதுமா என்ற வினாவுக்கு விடைதரும் சோதனையொன்று 2009ஆம் ஆண்டு நடந்தது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிலையம் தன் ஐம்பதாவது ஆண்டு நிறைவிலே, 1959ஆம் ஆண்டுச் செவ்ரலே பெல் எயர் வண்டியையும் 2009ஆம் ஆண்டுச் செவ்ரலே மலிபு வண்டியையும் 40 மைல் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. எடையில் இரண்டும் பெரிதும் வேறுபட்டவையல்ல. பழைய வண்டி நீண்டது. பார்வைக்குக் கோட்டை போன்றது. ஆயின் மோதியபோது அதன் அறை நொறுங்கியது. சுக்கான் சாரதிப் பொம்மையின்மேற் பாய்ந்தது. உயிருள்ள மனிதன் அங்கிருந்தால் இறந்திருப்பான். புதிய வண்டியின் முன்புறம் முற்றாக நசுங்கியது; அறை நின்றது. அதன் சாரதிக்குக் காலிற் காயம் மட்டுமே ஏற்பட்டிருக்கும். ஒத்த எடையுள்ள இரண்டினிடையே உயிரைத் தீர்மானித்தது, இரும்பு எங்கே வளைய வேண்டும், எங்கே வளையலாகாது என்ற அறிவேயாம்.

இவ்வரலாற்றின் இறுதி ஏடு வண்டிக்கு வெளியே நிற்போரைப் பற்றியது. அமெரிக்காவிலே 2009இல் ஏறத்தாழ 4,100 பாதசாரிகள் வண்டிகளால் மோதுண்டு இறந்தனர். 2022இல் அத்தொகை 7,500 ஆயிற்று. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று வண்டியின் முகம். மேற்கூறிய நிலையம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்மூடி 40 அங்குலத்திலும் உயர்ந்த வண்டிகள், தாழ்ந்து சரிந்த முன்மூடியுடைய வண்டிகளைவிடப் பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். தாழ்ந்த வண்டி காலில் மோதும். உயர்ந்த வண்டியோ மார்பிலும் தலையிலும் மோதும். உலகெங்கும் வீதிகளில் இறப்போரிற் பாதிக்கு மேற்பட்டோர் நடப்பவரும், சைக்கிள் மற்றும் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோரும் போன்றவர்களே என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. அவர்களைச் சூழ்ந்து நிற்கும் இரும்பு அறை யாதும் இல்லை.

சாரதியின் நிதானமும் அடங்கிய வேகமும் என்றும் வேண்டியனவே. ஆயின் தவறாத மனிதன் இல்லை. ஒருவன் தவறும் கணத்திலே வண்டி என்ன செய்கிறது என்பதே பின்னர் அவன் உயிரையும் பிறர் உயிரையும் நிச்சயிக்கிறது. பார்சன்ஸ்ரவுன் வளைவிலே மேரி வார்ட் அம்மையாரைப் பற்றிப் பிடிக்க ஒரு பட்டி இருக்கவில்லை. இன்று அது உண்டு. ஏறியவரைக் காக்கக் கற்ற கலை, எதிரே நடந்து வருபவரையும் காக்கக் கற்றுக்கொள்வதே இனி எஞ்சியுள்ள பணியாகும்.