பானையும் பாட்டிலும்
விம்கோ நகர்ங்கிற பேரே தீப்பெட்டிக் கம்பெனி தந்தது. அந்தப் பேருக்கு முந்தியே இங்கே மனுசர் இருந்தார்கள். அவர்கள் கையில் பக்குவமும் இருந்தது. வடசென்னைச் சேரிகளிலும் குப்பங்களிலும் சோற்றைப் பானையில் நாள்கணக்கா புளிக்கவைத்து வடித்தது சுண்டக்கஞ்சி. அது நம்ம சனங்களின் பீர். பொங்குவது அடங்குமுன் பாட்டிலில் இறுக்கி அடைத்தால் காற்று முட்டி வெடிக்கும்.

1948இல் சென்னைக்கு மதுவிலக்கு வந்தது. 1971இல் கடை திறந்தது, 1974இல் மூடியது. 1981இல் திரும்பவும் திறந்த கள்ளும் சாராயமும் 1987இல் தடையாயின. 2003 முதல் டாஸ்மாக்கே சில்லறைக்கு விற்கிறது.

2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால். புளித்த சோறு அல்ல.

குடியை நான் புகழலை. ஆனா ஆலையில் பார்லி புளித்தால் லைசன்சு, சேரியில் சோறு புளித்தால் கேசு. இது யார் எழுதின நியாயம்?