பலேர்மோவில் அடங்கிய பெயர்

பலேர்மோ துறைமுகத்தில் நின்றால் பெல்லெகிரீனோ மலை தெரியும். அங்கே சாந்தா ரொசாலியா குகைக்கோயிலுக்கு அந்த நகரத்துத் தமிழர்கள் ஏறிப்போவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதே நகரில் 1806இல் இறந்துபோன ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

விண்கல் சேகரிப்பவர்கள் இரும்பு விண்கல்லை வில்லைகளாக அறுத்து, வழவழப்பாக்கி, அமிலத்தில் தோய்ப்பார்கள். பனையோலைப் பாயின் முடைச்சல் போலப் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக எழுந்து வரும். நிக்கல் குறைந்த பட்டைகளை அமிலம் அரிக்கிறது. நிக்கல் மிகுந்த மெல்லிய ஓரங்கள் தாக்குப்பிடித்து மினுங்குகின்றன. இவை இரண்டும் இப்படிப் பிரிந்து வளர வேண்டுமானால், ஏதோ ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் உலோகம் பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில நூறு டிகிரி என்ற கணக்கில் ஆறியிருக்க வேண்டும். எந்தக் கொல்லனுக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

இந்தக் கோலத்துக்கு விட்மான்ஸ்டாட்டன் பெயர். வியன்னாவில் அரசப் பீங்கான் ஆலையை நடத்திய அவர், 1751இல் குரோவேஷியாவின் ஹ்ராஷ்சினாவில் விழுந்த இரும்பின் வில்லையை 1808இல் தீயில் வாட்டியபோது அதைக் கண்டார். எழுதி வெளியிடவில்லை, தெரிந்தவர்களிடம் சொன்னதோடு சரி.

எனக்கு உறுத்துவது இதுதான். வில்லியம் தாம்சன் 1804லேயே அதை ஜெனீவாவின் பிரெஞ்சு இதழில் எழுதியிருந்தார். இங்கிலாந்தில் பிறந்த மருத்துவர்; ஆக்ஸ்ஃபோர்டை விட்டு நேப்பிள்ஸில் குடியேறி, பெயரையும் குலியெல்மோ என்று மாற்றிக்கொண்டவர். சைபீரியாவில் கிடைத்த பல்லாஸ் இரும்பின் துண்டொன்றில் துருவை நீக்க நைட்ரிக் அமிலம் இட்டார். துருவைப் போக்கப் போனவருக்குக் கோலம் கிடைத்தது.

1806இல் நெப்போலியனின் படை நேப்பிள்ஸுக்குள் வந்தது. தாம்சன் சிசிலிக்குத் தப்பினார். அந்த ஆண்டே பலேர்மோவில் மரணம். கட்டுரையின் இத்தாலிய வடிவம் சியேனாவில் 1808இல்தான் வெளிவந்தது. வியன்னாவில் தீ மூட்டிய அதே ஆண்டு! ஆனால் வியன்னாவில் அரசச் சேகரிப்பு இருந்தது. பெயர் சூட்ட அதன் தலைவர் ஷ்ரைபர்ஸ் இருந்தார். ஊர் விட்டு ஊர் ஓடியவருக்காகப் பேச யார் இருந்தார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகின் முதல் சிறுகோளான செரஸை 1801 ஜனவரி 1 இரவு பியாட்சி கண்டது இதே பலேர்மோவில், அரண்மனைக் கோபுரத்து வானாய்வகத்தில். இரும்பு விண்கற்கள் சிறுகோள்களின் உடைசல் என்பது பின்னாளில்தான் தெளிவானது. பியாட்சி பயன்படுத்திய ராம்ஸ்டன் கருவி இன்றும் அங்கே இருக்கிறது. துறைமுகத்திலிருந்து நடந்தே போகலாம்.