அஸ்பென் வனமும் தீயும்

அமெரிக்க மேற்றிசை மலைகளில் வளரும் அஸ்பென் மரங்கள் விதையினும் வேரினாலேயே மிகுதியும் இனம் பெருக்குவன. முதுமரங்கள் தீயில் மடிந்தவிடத்து, அவற்றின் வேர்களினின்று எண்ணிறந்த இளங்கன்றுகள் எழும். 1910 ஆம் ஆண்டுப் பெருந்தீயைக் கண்டஞ்சிய வனத்துறையினரோ காட்டுத்தீ யாவற்றையும் அணைக்க முற்பட்டனர். கண்ட தீயை மறுநாட் காலை 10 மணிக்குள் அடக்குதல் வேண்டுமென 1935 இல் விதியும் வகுத்தனர். அதனால் நிழல் தாங்கும் ஊசியிலை மரங்கள் ஓங்கி அஸ்பெனை நெருக்கின. எழுந்த சில தளிர்களையும் மான்களும் கால்நடைகளும் மேய்ந்தன. காவலே கேடாயிற்று. 1978 இல் அவ்விதி கைவிடப்பட்டது.

எனினும், மேய்ச்சலைத் தடுத்தாலன்றித் தளிர் மரமாகாது. யூட்டாவில் ஒரே வேர்த்தொகுதியினின்றெழுந்து 43 ஹெக்டேயரிற் பரந்துள்ள 'பாண்டோ' வனத்தின் ஒரு பகுதிக்கு 2013 இல் வேலியிட்டு, சிற்சில இடங்களில் மரம் வெட்டியும் எரித்தும் பார்த்தனர். ஆங்கே கன்றுகள் தழைத்தன. முதுமரத்தைப் பேணுவோர் இளந்தளிருக்கும் இடமளித்தல் வேண்டுமென்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.