ரத்தசோகையும் மகப்பேறு நலமும்: உணவில் உறைந்துள்ள சாதி

2019–21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் ரத்தசோகைக்கு ஆளாகியுள்ளனர். 2015–16 ஆய்வில் இது 53 விழுக்காடாக இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட பெண்களின் நிலை இதுவே. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களிடம் பாதிப்பு தேசியச் சராசரியைவிட அதிகம் என்பதை இரு ஆய்வுகளும் பதிவு செய்துள்ளன.

உடலில் நிகழ்வது என்ன?

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது ரத்தசோகை. கர்ப்பிணிகளுக்கு இந்த எல்லை 11 கிராம். மாதவிடாயில் இரும்புச்சத்து இழப்பாகிறது. கருவுற்றபின் அதன் தேவை பெருகுகிறது. பற்றாக்குறை நீடித்தால் குறைப்பிரசவமும், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் குழந்தை பிறப்பதும் நேரக்கூடும். பிரசவகால ரத்தப்போக்கு மகப்பேறு மரணங்களின் முதன்மைக் காரணம். ஏற்கெனவே ரத்தம் குன்றிய உடலால் அதைத் தாங்க இயலாது.

ஃபோலிக் அமிலத்தின் தேவை இன்னும் முன்னதாகவே எழுகிறது. கருத்தரித்த 28 நாட்களுக்குள் சிசுவின் நரம்புக்குழல் மூடிக்கொள்கிறது; பல பெண்கள் தாங்கள் கருவுற்றிருப்பதை அதற்குள் அறிவதில்லை. எனவே வளைகாப்புக்குப் பிறகு சத்துணவு பற்றிப் பேசுவது காலங்கடந்த அக்கறை.

தட்டில் இருப்பதும் இல்லாததும்

நியாயவிலைக் கடை அரிசி பசியைத் தணிக்கும்; செறிவூட்டப்படாத அரிசியில் இரும்புச்சத்து சொற்பம். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் குறைந்த அளவிலேயே ஈர்க்கிறது. எலுமிச்சையும் நெல்லிக்கனியும் அதைக் கூட்டும்; உணவோடு பருகும் தேநீர் குறைக்கும். இறைச்சி, ஈரல், சுவரொட்டி ஆகியவற்றின் இரும்பு எளிதில் உடலில் சேரும். (ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி; கர்ப்பிணிகள் அதை மருத்துவர் ஆலோசனையுடன் உண்ணவேண்டும்.)

எளியோருக்குக் கட்டுப்படியாகும் இறைச்சியாக நெடுங்காலம் இருந்தது மாட்டிறைச்சி. அதை உண்போரை இழிவுபடுத்தியது சாதி; பல மாநிலங்களில் மாடறுப்புத் தடைச் சட்டங்கள் அதை எட்டாப் பொருளாக்கின. மகாராட்டிரத்தில் 2015 முதல் காளைகளை அறுப்பதும் குற்றம். வீட்டிற்குள்ளோ, வயலில் உழைத்துத் திரும்பும் பெண் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்கிறாள். சாதியும் ஆணாதிக்கமும் ஒரே தட்டில் சந்திக்கும் இடம் இது.

சட்டம் தரும் உரிமை

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்ப காலத்திலும் பிரசவத்திற்குப் பின் ஆறு மாதங்களும் அங்கன்வாடி வழியாக இலவச உணவையும், குறைந்தது 6,000 ரூபாய் மகப்பேற்று உதவியையும் உறுதியளிக்கிறது. கர்ப்பிணிகளுக்கு 180 நாட்களுக்கு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகள் வழங்கப்பட வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். அங்கன்வாடி ஊருக்குள் இருக்கிறதா, சேரிக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? விடுதி மாணவியருக்கு ஹீமோகுளோபின் பரிசோதனை நடக்கிறதா? அவர்களுக்கு முட்டையும் இறைச்சியும் கிடைக்கின்றனவா? களத்தில் முதலில் எழுப்பவேண்டிய கேள்விகள் இவையே.