இலையை எடுப்பது யார்?

கல்யாண ஜாபிதா எழுதுவதிலே நம் தென்பாண்டி மக்களை மிஞ்ச எவருமில்லை. பந்தலுக்கு எத்தனை கால், பாயசத்துக்கு எத்தனை படி பால், மாப்பிள்ளை வீட்டார் தங்க எந்த வீடு, மறுவீட்டிலே சொதி வைக்க எத்தனை தேங்காய் என்று ஒன்று விடாமல் எழுதுவர். வாழையிலை எத்தனை கட்டு என்பதும் அதிலே உண்டு. அந்த இலையிலே உண்டு எழுந்தபின் அதை எடுப்பது யார்? எங்கே கொண்டு சேர்ப்பது? அந்த வரி மட்டும் ஜாபிதாவிலே இராது! மறந்துவிட்டனர் என்றா எண்ணுகிறீர்கள், தோழர்களே? எவரும் எழுதத் தேவையில்லாதபடி, அந்த வரியைச் சாதி முன்னமே எழுதி வைத்துவிட்டது!

தென்காசிக்கு வருவோர் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கின்றனர். அங்குள்ள கல்வெட்டையும் சற்று நோக்கட்டும். 15-ஆம் நூற்றாண்டிலே அக்கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்திலே கட்டடத்துக்குக் கேடு நேருமாயின் அதைச் சீர்செய்து காப்பவர் யாராயினும் அவரைப் பணிவதாகப் பாட்டாகப் பொறித்து வைத்தான். முடிதரித்த மன்னன், முகமறியாத ஒருவனை முன்கூட்டியே வணங்குகிறான்! கோயில் தேவையா என்பது வேறு வழக்கு. கட்டுவதோடு கடமை தீர்வதில்லை, பின்னர்ப் பேணுவதற்கும் ஆள் வேண்டும், அவர் வணக்கத்துக்குரியவர் என்று அவன் கண்டானே, அந்த அறிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், கல்லைக் காப்பவனுக்குக் கைகூப்பிய நாடு, கழிவை அகற்றி ஊரைக் காப்பவனுக்கு என்ன சொல்லிற்று? ‘எட்ட நில்’ என்றது!

பந்தியிலே எவர் பக்கத்திலே எவர் அமர்வது என்ற போர், நம் பொருநைக் கரையிலேதான் மூண்டது. சேரன்மாதேவியிலே வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலம் காங்கிரஸ் கமிட்டியின் பணத்தையும் பொதுமக்களின் நன்கொடையையும் பெற்றது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப்பந்தி! 1924, 1925 ஆண்டுகளிலே பெரியாரும் வரதராசலு நாயுடுவும் அதை எதிர்த்து எழுப்பிய குரல் தமிழ்நாட்டையே குலுக்கியது. 1925-ஆம் ஆண்டின் இறுதியிலே காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். 1928-இலே அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் அவர் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1941-இலே இரயில் நிலைய உணவு விடுதிகளில் பார்ப்பனருக்குத் தனி இடம், பிறருக்குத் தனி இடம் என்றிருந்த ஏற்பாடு ஒழிந்தது. பந்தியின் முன்வாசலிலே வென்றோம்! அதன் பின்வாசல்? சமபந்தி முடிந்தபின், கொல்லைப்புறத்திலே குவிந்த இலைகளை அள்ள வந்தவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார்? இந்தக் கேள்வியை நாம் போதிய அளவு கேட்கவில்லை.

கேட்காதது நாம் மட்டுமல்ல. 1901-இலே கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அங்கே தான் கண்டதைக் காந்தியார் தம் தன்வரலாற்றிலே எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து சென்ற பிரதிநிதிகளுக்குத் தனிச் சமையல்! தாம் உண்பதைப் பிறர் கண்ணால் கண்டாலும் தீட்டாம்! அதற்காகத் தட்டி கட்டி மறைத்த, புகை மண்டிய தனிச் சமையற்கட்டு! மறுபுறமோ கழிப்பிடங்களைச் சுற்றி நாற்றம். தொண்டர்களிடம் சொன்னபோது, ‘அது எங்கள் வேலை அல்ல, தோட்டியின் வேலை’ என்றனர். காந்தியார் துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். நாட்டு விடுதலைக்குத் தீர்மானம் இயற்ற வந்தவர்களுக்கு, உண்ணும் இடத்துக்கு மறைப்புக் கட்ட நினைவிருந்தது. தம் கழிவை அகற்றத் திட்டம் போட மட்டும் நினைவு வரவில்லை!

எச்சில் தீட்டு என்பதாலே ஒதுக்குகிறோம் என்பர் வைதீகர். அதுவாவது உண்மையா? கரூரை அடுத்த நெரூரிலே, பிறர் உண்டு எழுந்த எச்சிலிலைகளின்மீது பக்தர்கள் உருளும் சடங்கு நடந்துவந்தது. 2015-இலே உயர்நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2024-இலே தனி நீதிபதி ஒருவர் அனுமதித்தார். 2025-இலே இரு நீதிபதிகள் அமர்வு அந்த அனுமதியை இரத்துச் செய்தது. எண்ணிப் பாருங்கள்! அதே எச்சில், அதே இலை! அதன்மேல் உருண்டால் புண்ணியம், அதை அள்ளி எடுத்தால் இழிவு! அப்படியானால் தீட்டு இலையிலே இல்லை. இலையை எடுக்க வேண்டியவர் இன்னார் என்று விதித்த மூளையிலே இருக்கிறது!

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்யும் மக்களையே பிரித்து அடுக்கிவைக்கும் ஏற்பாடு என்று 1936-இலே அம்பேத்கர் விளக்கினார். 1950-இலே நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், தன் 17-ஆவது பிரிவால் தீண்டாமையை ஒழித்தது. மனிதக் கழிவை மனிதன் அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993-இலே ஒரு சட்டம், 2013-இலே மற்றொரு சட்டம் வந்தன. 1993 முதல் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கி மாண்டவர்களின் குடும்பத்துக்குப் 10 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-இலே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இலே அதை 30 இலட்சமாக உயர்த்தியது. மண்டபத்தின் மேல்தளத்திலே மங்கல இசை முழங்க, கீழே நிரம்பி வழியும் தொட்டிக்குள் ஆளை இறக்குவோமானால், அது குற்றம். கொலைக்கு ஒப்பான குற்றம்!

‘கூலி கொடுக்கிறோமே, பிறகென்ன?’ என்பார் சிலர். கூலி கொடுப்பது சரி. ஆனால், சமையற்காரரைக் கைப்பக்குவம் பார்த்து அழைக்கிறீர்கள், பந்தற்காரரைத் திறமை பார்த்து அழைக்கிறீர்கள். இலை எடுப்பவரை மட்டும் தெருப்பெயர் பார்த்து அழைப்பதேன்? அவருக்குப் பேசிய கூலி எவ்வளவு, கையுறை உண்டா, அவர் உண்பது எந்தப் பந்தியில்? விடை சொல்ல முடியாத இடத்திலே கூலி இருக்கலாம், நேர்மை இராது!

குற்றாலத்தைப் பாருங்கள். ஆனியும் ஆடியும் வந்தால் சாரல் விழும், ஊர் நிறையும். குடும்பம் குடும்பமாக வருவோர் கட்டுச்சோற்றை அவிழ்ப்பர், வாடகை வீட்டிலே விருந்து வைப்பர். பழங்காலத்து விருந்திலே மிஞ்சியது வாழையிலை. மாடு தின்றது போக, எஞ்சியது குழியிலே மக்கி உரமாயிற்று. பிளாஸ்டிக் பூசிய தட்டும் குவளையும் மாடு தின்றால் மாடு சாகும், மண் தின்றால் மண் சாகும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டிலே தடை. குற்றாலத்து அருவி நீர் சிற்றாறாகித் தென்காசியைத் தொட்டு ஓடி, தாமிரபரணியோடு கலக்கிறது. மேலே நாம் வீசும் குப்பை, கீழே யாரோ ஒருவர் குடிக்கும் நீரை நோக்கி மிதந்து செல்கிறது!

2016-இலே நடுவண் அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகள் ஒரு நல்ல பாடத்தை எழுதின. உரிமம் பெறாத இடத்திலே நூறு பேருக்கு மேல் கூட்டி நிகழ்ச்சி நடத்துவோர், மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சிக்கு அறிவிக்க வேண்டும். குப்பையைப் பிரித்துவைத்து முறைப்படி ஒப்படைக்கும் பொறுப்பும் நடத்துவோருடையதே என்றன. பல நூற்றாண்டுகளாகச் சாதியின் தலையிலே சுமத்திய பொறுப்பை, விருந்து வைத்தவரின் தோளிலே சட்டம் இறக்கிவைத்தது. இது வெறும் சுகாதார விதியன்று. சமூக நீதி!

எனவே, நம் இளைஞர்கள் செய்ய வேண்டியது தெளிவு. நாள் குறித்த அன்றே, இலை எடுப்போர் யார், எத்தனை பேர், மக்கும் குப்பை எங்கே, மக்காதது எங்கே என்று எழுதிவிடுங்கள். மீந்த சோறு கெடுமுன் எவரிடம் சேர்வது என்பதையும் எழுதுங்கள். பந்தி பரிமாறும் உறவினரும் நண்பருமே முறைவைத்து இலையும் எடுக்கட்டும். வெளியாளை அமர்த்தினால், சாதி கேளாது அமர்த்துங்கள். கூலியை முன்பே பேசுங்கள், கையுறை கொடுங்கள், எல்லோரும் உண்ணும் பந்தியிலே அவரையும் அமர்த்துங்கள். ‘நம் வீட்டுப் பிள்ளை எச்சிலிலை எடுப்பதா?’ என்று பெரியவர்கள் முகம் சுளித்தால், ‘பிறர் வீட்டுப் பிள்ளை மட்டும் எடுக்கலாமா?’ என்று பணிவோடு கேளுங்கள்.

புரோகிதன் இல்லாத திருமணமும் செல்லும் என்று 1967-இலே அண்ணா ஆட்சியில் நம் சட்டமன்றம் இயற்றிய சட்டம், 1968-இலே நடைமுறைக்கு வந்தது. மந்திரத்தைத் தள்ளிவைக்கத் துணிந்த கை, இலையைத் தொடத் தயங்கலாமா? அடுத்த ஜாபிதாவிலே அந்த வரியை நாமே எழுதுவோம். அதிலே முதற்பெயராக நம் பெயரையே எழுதுவோம்!